நிற்கக் கூடாத சாலைக்கு ஒரு ஃபேன்

போர்ட் பிளேரில் வண்டி வைத்திருப்பவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் ஒரு கூட்டம், போகாதவர்கள் இன்னொரு கூட்டம். போகாதவர்களுக்கு வண்டிக்குள் ரேடியேட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, மர நிழலில் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

ஜிர்காடாங்குக்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அங்கே நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. பஸ், லாரி, டூரிஸ்ட் கார், எங்களுடையது மாதிரி சரக்கு வேன் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். கேட் திறந்ததும் முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி, நடுவில் நாங்கள். அதற்குப் பெயர் கான்வாய். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. அடுத்தவர் வீட்டுக் கூடத்தின் வழியாகப் போகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது அவர்கள் வீடு. ஆனால் வரிசையில் எது மெதுவான வண்டியோ அதன் வேகம்தான் எல்லாருக்கும். ஏற்றம், வளைவு, முன்னால் புகை கக்கும் லாரி. இந்த ஊர்வலத்தில்தான் எங்கள் வேன் தவறாமல் சூடாகும்.

வேன் என் வீட்டுக்காரருடையது. அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குறை சொல்கிற மாதிரிதான் ஆரம்பிக்கும், அப்படித்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். அவர் ராமநாதபுரம் கடலோரத்துக்காரர். சொந்தக்காரர் கடையில் வேலைக்கு என்று கப்பல் ஏறி வந்து இங்கேயே தங்கிவிட்டார். என் குடும்பமும் ஒரு காலத்தில் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நான் பிறந்தது போர்ட் பிளேர் பத்துபஸ்தியில், விமானம் ஓட்டுக்கு மேலே உரசுகிற மாதிரி இறங்கும் ஒரு வீட்டில். எனக்கு ஊர் என்றால் அதுதான்.

போர்ட் பிளேரில் சரக்கு ஏற்றி ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் கடைகளுக்குப் போடுவது எங்கள் தொழில். வெங்காயம், சோப்பு, பிஸ்கட், பாவாடைத் துணி. பிள்ளைகள் படிக்க மெயின்லேண்டுக்குப் போன பிறகு, வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருப்பானேன் என்று நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஏறினவளுக்கு ஒரு வேலை வேண்டுமே. சூட்டு மீட்டரின் முள்ளைப் பார்ப்பது என் வேலை என்று அவர் சொல்லிவிட்டார்.

"முள்ளு எங்க நிக்குது புள்ள?"

"நடுவுல மச்சான்."

"இப்ப?"

"நடுவத் தாண்டிருச்சு."

"நீ அப்புடி மொறச்சுப் பாக்காத. அது பயந்து ஏறுது."

எங்கள் வண்டியின் ஃபேன் பழைய காலத்து ஏற்பாடு. எஞ்சினோடு பெல்ட்டால் கட்டி வைத்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் சுற்றும், எஞ்சின் சோம்பினால் அதுவும் சோம்பும். நல்ல சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் தேவையே இல்லை. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதுதான் அதன் உதவி வேண்டும், சரியாக அப்போதுதான் அது கை விரிக்கும். போதாததற்கு ஃபேனைச் சுற்றி இருந்த தகரக் கூண்டை உப்புக் காற்று அரித்துத் தின்றுவிட்டது. மிச்சத்தையும் வண்டி ரிப்பேர் பார்க்கிற ஒரு மிஸ்திரி பிய்த்து எறிந்திருந்தார். கூண்டு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்தில் கிடைக்கிற காற்றை இழுத்துப் பொழுது போக்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் கைப்பழக்கத்தால் சமாளித்தார். முன் வண்டிக்கு இடைவெளி விட்டுக் கொஞ்சம் காற்று வாங்குவார். எஞ்சினோடு இந்தியில் பேசுவார், "பஸ் பேட்டா, தோடா அவுர்" என்று, அவ்வளவுதான் மகனே, இன்னும் கொஞ்சம்தான் என்று. அந்தக் குரலில் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஜிர்காடாங்கில் கேட் திறக்கும் முன்பு ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி வண்டியின் முன்முகத்தில் கட்டிவிடுவார். அவர் மட்டுமில்லை, பழைய டிரைவர்கள் பல பேர் கட்டினார்கள். ஈரக் காற்று உள்ளே போனால் எஞ்சின் குளிரும் என்று கணக்கு. பலன் இருந்ததா என்று கேட்டால், நம்பிக்கை இருந்தது.

காடு முடிகிற இடத்தில் கடல் கழி. வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற படகுக்காக அங்கே காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் ஆவி குபுகுபு என்று வரும். அது அடங்குகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வேனின் பின்பக்கம் உட்கார்ந்து, கொண்டுவந்த இடியாப்பத்தை மீன் ஆணத்தில் ஊறவைத்துச் சாப்பிடுவோம். ஒரு முறை படகுக்காரர் ஒருவர் கழித் தண்ணீரையே மொண்டு ஊற்றச் சொன்னார். "உப்புத் தண்ணியா? எனக்கு இருக்குற பிரஷர் போதாதுன்னு இதுக்கும் வரணுமா?" என்றார் இவர். படகில் ஏறிய பிறகும் அந்தப் படகுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டதே கிடையாது. அந்தச் சூடான வண்டிக்கு அந்த வகையில் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு என் வீட்டுக்காரர் கண்ணில் சர்க்கரை நோய் கை வைத்தது. முதலில் சோப்புப் பெட்டி மேல் எழுதியிருப்பது தெரியவில்லை என்றார். பிறகு எதிரே வருகிற ஸ்கூட்டரை வெகு தாமதமாகக் கண்டு பிரேக் போட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், நடக்கலாம், டிவி பார்க்கலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, சமையல்கட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

செய்தி ராமநாதபுரத்துக்குப் போனதும் அவருடைய காக்கா, அதாவது அண்ணன், போன் பண்ணினார். வேனை விற்றுவிட்டு வந்துவிடுங்கள், கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் போதும், மாடியில் ஒரு அறை சும்மாத்தான் கிடக்கிறது என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது எந்த ஊர்? கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் போய் வந்த ஊர் அது. அங்கே நான் இன்னாருடைய பெண்டாட்டி. இங்கே மீன் மார்க்கெட் வங்காளிக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் என்னைக் குரலை வைத்தே தெரியும்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் அவரே திக்லிபூரில் அறுப்பு முடிந்த வயலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார், லைசன்சும் எடுத்துக்கொடுத்தார். ஊருக்குள் கடைகளுக்குச் சரக்குப் போட நான்தான் ஓட்டுவேன். அதனால் சொன்னேன்.

"நான் ஓட்டுறேன் மச்சான். நீங்க கூட வாங்க."

"எங்க, திக்லிபூருக்கா? கான்வாய்ல?"

"கான்வாய்லதான்."

"இந்த எஞ்சின் ஒனக்குக் கட்டுப்படாது புள்ள. காட்டுக்குள்ள கரம் ஆயி கொதிச்சிருச்சுன்னா என்ன செய்வ? எனக்குக் கால்லயே தெரியும். ஒனக்கு முள்ளத்தான் பாக்கத் தெரியும்."

கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவர் காலுக்குத் தெரிந்தது என் காலுக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளலாம் என்றால் சொல்லிக்கொடுக்க அவருக்கு மனசில்லை, கற்றுக்கொள்ளும் வயசும் எனக்கு இல்லை. கட்டுப்படாத எஞ்சினை நான் ஏன் கட்டுப்படுத்த வேண்டும், அது சூடாகாமல் இருந்தால் போதாதா என்று என் புத்தி அந்தப் பக்கம் போனது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில் விமானத்துக்கு வருகிற டூரிஸ்ட் டாக்சிகள் வரிசையாக நிற்கும். எஞ்சினை அணைத்த பிறகும் அவற்றின் மூக்குக்குள் ஏதோ ஒன்று விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். எத்தனையோ காலமாகக் காதில் விழுந்த சத்தம், அன்றைக்குத்தான் நின்று கேட்டேன். ஒரு டாக்சியின் பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னதும் அதன் தெலுங்கு டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி வாங்கப் போறீங்களா?" என்று இந்தியில் கேட்டார். "இல்லை, ஃபேன் வாங்கப் போறேன்" என்றேன்.

அது கரண்டில் சுற்றுகிற ஃபேன். பெல்ட்டும் கிடையாது, எஞ்சின் தயவும் கிடையாது. தனி மோட்டார். தண்ணீர் சூடானால் தானே ஓட ஆரம்பிக்கும், வண்டி நின்றாலும் முழு வேகத்தில் இழுக்கும், குளிர்ந்ததும் தானே அடங்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் கூண்டு, ஒரு பொட்டுக் காற்றும் பக்கவாட்டில் தப்பாது. எங்கள் வேனுக்குப் பொருந்துகிற அளவைச் சொல்லி, சென்னையில் இருக்கிற என் தம்பியிடம் வாங்கி அனுப்பச் சொன்னேன். கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. கடைசியில் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் ஃபேனைச் சுற்றி இரண்டு கைலியும், இடுக்கில் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டும் வைத்திருந்தான். மெயின்லேண்டிலிருந்து எது வந்தாலும் இடுக்கில் இப்படி ஏதாவது இருக்கும், அதைத் தேடுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம்.

மாட்டியது ஒரு மலையாளி மிஸ்திரி. வாய் ஓயாதவர். இந்தத் தீவில் இதை மாட்டத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று சொல்லிக்கொண்டே முதலில் காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். ரேடியேட்டர் முன்னால் ஒரு துணித்துண்டைப் பிடித்துப் பார்த்தேன். துணி உள்ளே இழுக்கப்படாமல் என் முகத்துக்குப் பறந்தது. "நானும் அதைத்தான் செக் பண்ணப் போனேன் சேச்சி" என்றார். சரியாக மாற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வீட்டுக்குள் போய் டீ போட்டு, மூன்று பேரும் குடித்து முடித்து வந்து பார்த்தோம். முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது.

என் வீட்டுக்காரர் பானெட்டருகே குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் ஜாஸ்தி" என்றார்.

"சூடு இல்லையே."

"இங்க நிக்கிற வண்டி சூடாகாது புள்ள. காட்டுக்குள்ள பாப்போம். ஒரே ஒரு ட்ரிப்பு. அங்க கொதிச்சுச்சுன்னா பேசாம வித்துட்டு ஊருக்குப் போறோம். காக்காகிட்ட அப்புடித்தான் சொல்லியிருக்கேன்."

"கொதிக்கலேன்னா?"

"அதப் பொறகு பாப்போம்."

சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன், ஏனென்றால் அவர் ஏற்கனவே போய்விட்ட மாதிரிதான் பேசினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதை விட, யாருக்கும் தெரியாத இடத்தில் கல்லாவில் உட்காருவது அவருக்கு மேல் என்று பட்டது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னிடம் எதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்?

புறப்பட்ட அன்று காலையில் மழை விட்டு நல்ல வெயில். ஜிர்காடாங் வரிசையில் வேனை நிறுத்தினேன். பக்கத்து லாரிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு இவரைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் இறங்கிப் போய் டீ வாங்கி வந்து, மறுபடி டம்ளரைக் கொடுக்கப் போனேன். அங்கே கூட்டம். திரும்பும்போது கேட் திறந்துவிட்டது, வண்டிக்குப் பின்பக்கமாக ஓடி வந்து ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். இவர் தம் இடத்தில் உட்கார்ந்து கையைக் கைலியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

காட்டுக்குள் முதல் கொஞ்ச தூரம் அழகாகப் போனது. இரண்டு பக்கமும் வானம் தெரியாத மரங்கள், ஈர மண் வாசனை. முன்னால் ஒரு பஸ். ஏற்றம் தொடங்கியதும் அது ஆமையாகிவிட்டது. புது ஃபேன் விர்ரென்று ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. முள்ளைப் பார்த்தேன், நடுவில். அடுத்த வளைவில் பார்த்தேன், நடுவைத் தாண்டியிருந்தது. அதற்கடுத்த வளைவில் சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஃபேன் ஓடுகிறது, பின் எதற்கு ஏறுகிறது? மிஸ்திரி வயரை மறுபடி குழப்பிவிட்டாரா? பழைய ஃபேன்கூட இத்தனை சீக்கிரம் கைவிட்டதில்லையே. வேன் போச்சு, வீடு போச்சு, மாடியில் அந்த ஒரு அறைதான் என்று மனசுக்குள் ஓடியது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்றதாக ஆகிவிடும்.

அவரே கேட்டார்.

"ஃபேன் தெணறுது. முள்ளு எங்க நிக்குது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "செவப்புக்கிட்ட" என்றேன்.

அவர் வண்டியின் முன்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வண்டிய நிறுத்து புள்ள" என்றார்.

"காட்டுக்குள்ளயா?"

"நிறுத்து. நான் சாக்கு கட்டிட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய ஃபேனின் இழுப்புக்குச் சாக்கு முன்னால் சும்மா ஆடிக்கொண்டிருக்கும், ஓரத்தில் காற்று புகுந்து போகும். இந்த ஃபேன் இழுக்கிற இழுப்புக்கு ஈரச் சாக்கு அப்படியே போய் அப்பிக்கொண்டு மூச்சை அடைத்துவிட்டது. நான் டீக்கடையில் நின்ற நேரத்தில் செய்திருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரா? அந்த எண்ணம் எனக்கு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் தோற்க வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்று கட்டினாரா? திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு பக்க விளக்கையும் போட்டு ஓரம் கட்டி நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. காட்டுச் சாலையில் அந்தச் சத்தம் கூசியது. வரிசையின் கடைசியில் வந்த போலீஸ் வண்டி மற்ற வண்டிகளை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. இறங்கிய போலீஸ்காரர் நேராக இவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. யாரும் இறங்காதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டு, எஞ்சின் கொதிக்கிற வண்டியைக் காட்டுக்குள் கொண்டுவருவதா, என்ன டிரைவர் நீ என்று இந்தியில் அவரைப் பிடித்துச் சத்தம் போட்டார்.

பின்னால் வந்து எங்களைத் தாண்டி ஊர்ந்து போன இன்னொரு பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். லாரிக்காரர்கள் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். இவர் பேசாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாலே போதும். எங்கள் ஒப்பந்தப்படி வேனை விற்று ஊருக்குப் போவது முடிவாகியிருக்கும்.

இவர் கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை வெளியே நீட்டினார். எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"டிரைவர் கி கல்தி நஹீ ஹை சாப். டிரைவர் யே ஹை. மைன் தோ சவாரி ஹூன். சவாரி கி கல்தி ஹை."

தப்பு டிரைவருடையது இல்லை, டிரைவர் இவள், நான் ஏறி வந்த ஆள்தான், ஏறி வந்த ஆளுடைய தப்பு. முன்னால் ஒரு சாக்கு கட்டியிருக்கிறேன், அதை எடுத்துவிட்டால் வண்டி ஓடும் என்று இதையும் இந்தியில் சேர்த்துக்கொண்டார். வண்டி எடுத்த நாளிலிருந்து அவரை எல்லாரும் டிரைவர் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். தம்மைச் சவாரி என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

போலீஸ்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். முன்னால் போய்ச் சாக்கை உரித்து எடுத்தார், அது ஒட்டிய பப்படம் மாதிரி வந்தது. ஃபேன் சத்தம் உடனே லேசாயிற்று. நின்ற இடத்தில், ஒரு பொட்டு எதிர்க்காற்று இல்லாமல், முள் இறங்க ஆரம்பித்தது. சிவப்பை விட்டு, மேலே இருந்து நடுவுக்கு. பழைய ஃபேனாக இருந்தால் நாங்கள் அங்கேயே ஆவி அடங்கக் காத்துக் கிடந்திருப்போம்.

போலீஸ்காரர் சாக்கைச் சுருட்டி ஜன்னல் வழியாக இவர் மடியிலேயே போட்டார். கைலி நனைந்து தண்ணீர் காலில் ஒழுகியது. இவர் அதைத் தள்ளவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார்.

"ஊருக்கு?" என்று கேட்டேன்.

"காக்காகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பிறகு வண்டியில் ஏறிய எந்தச் சவாரியும் சொல்கிற தோரணையில், "சலோ டிரைவர்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காட்டுக்குள் நிறுத்தக் கூடாது என்பதால் அழுதுகொண்டே ஓட்டினேன்.